குதிரை நெற்றியில் ஒரு மெடல்

— கழட்டுடி ட்ரீன். முதல்ல அதை அது நெத்தியில இருந்து கழட்டு.

— கையை எடுங்க. மெரளுது பாருங்க. காலம் பூரா குதிரைக்கு லாடம் அடிக்கிற மனுஷன், பின்னாடியிருந்து வந்து இப்படிக் கத்தலாமா?

— நான் ஒருத்தன்தான் கத்தறேனா? ஊரே கத்துது. ஜார்ஜியார் திருநாள் அதுவுமா, கோயில் வாசல்ல, ஃபாதர் குதிரைங்களுக்குத் தீர்த்தம் தெளிக்கிற நேரத்துல, கட்சியோட மாவட்டத் தலைவர் முன்னாடி, பெத்த பிள்ளையோட மெடலைக் குதிரை நெத்தியில கட்டி நடத்திக்கிட்டு வர்றே. புத்தி பிசகிடுச்சா உனக்கு?

— திருநாளுக்குக் குதிரை நெத்தியில நாடா கட்டறது வழக்கம்தானே. எல்லா வீட்டுப் பொம்பளைங்களும் கட்டினாங்க. நானும் கட்டினேன்.

— அவங்க பட்டு நாடா கட்டினாங்க. சிவப்பு, நீலம், பேப்பர் பூ. எவளாவது வெண்கலத்துல மெடல் கட்டினாளா? அந்தப் பட்டாளத்துப் பையன், பாவம், நேத்துத்தான் சேர்ந்திருப்பான் போல. மெடலைப் பார்த்ததும் கையைத் தூக்கி நம்ம ப்ளெஸ்ஸுக்கு சல்யூட் அடிச்சுட்டான்.

— ப்ளெஸ்ஸும் மரியாதையாத் தலையை ஆட்டிச்சே. பார்த்தீங்களா?

— பார்த்தேன். தெருவே சிரிச்சுது. அதுதான் வினை. மாவட்டத் தலைவர் சிரிக்கலே. கையுறையைக் கழட்டினாரு, மறுபடி மாட்டினாரு.

— இருக்கட்டும். கொஞ்சம் நகருங்க, அந்தப் பக்கம் பிடரியைச் சீவணும்.

— பிடரியைச் சீவறா! ட்ரீன், அந்த மெடல் வந்து ஒரு வாரம்கூட ஆகலே. அலமாரியில லம்பெர்ட் போட்டோ பக்கத்துல, அதோட பெட்டியிலேயே பத்திரமா வெச்சேன். எல்லையில பங்கர் கட்டற மேற்குச் சுவர் வேலையில செத்த பையனுக்கு அரசாங்கம் கொடுத்தது. நமக்கு அவன் பேரைச் சொல்ல வேற என்ன இருக்கு?

— இது இருக்கு.

— எது?

— இந்தா, இந்தத் தோளைத் தொட்டுப் பாருங்க. போன கோடை முழுக்க அந்தச் சுவருக்குக் கல்லும் மணலும் இழுத்து இழுத்துக் கழுத்துப்பட்டை அறுத்த தழும்பு. இன்னும் முடி முளைக்கலே. மெடல் பின்னால என்ன எழுதியிருக்கு? ஜெர்மனியைக் காக்கச் செஞ்ச உழைப்புக்காகன்னுதானே? லம்பெர்ட் உழைச்சான். இதுவும் கூடவே உழைச்சுது.

— நல்ல குதிரைதான். இல்லேன்னா சொன்னேன்? எனக்குத் தெரிஞ்சு இந்த ஐஃபெல் மலையில இப்படி ஒரு குதிரை கிடையாது. ஆனா குதிரைடி அது!

— மச்சான்! மட்டெஸ் மச்சான்! லாயத்துலயா இருக்கீங்க? கதவைத் தாழ் போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?

— வந்துட்டான் உன் அண்ணன். கட்சியோட ஊர்ப் பொறுப்பாளரே சட்டையில சின்னத்தோட வந்திருக்கான். நான் சொன்னேனா இல்லியா? உள்ள வா ஹூபெர்ட், வாளி மேல கால் வெச்சுடாதே.

— இருங்க, மூச்சு வாங்குது. மாதாவே! மேட்டுத் தெருவை ஓடியே ஏறிட்டேன். நான் சொல்றதைக் கேளுங்க, சரியா? மாவட்டத் தலைவர் என் பீர்க்கடையில உட்கார்ந்து வெண்ணெயில பொரிச்ச மீன் தின்னுக்கிட்டிருக்கார். ஒரு மீன் முடிஞ்சுது. நான் சொல்லாமலே இன்னொண்ணு வெச்சேன். அதுவும் முடியிறதுக்குள்ள இன்னொண்ணு பொரிக்கச் சொல்லிட்டு ஓடி வர்றேன். அவர் தின்னு முடிச்சு வாயைத் துடைக்கிறதுக்கு முன்னாடி ட்ரீன் அங்கே வந்து நிக்கணும்.

— நின்னு?

— நின்னு, தெரியாம நடந்து போச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான். நான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன், சரியா? வருஷா வருஷம் திருநாள் நாடாவெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருப்பியே?

— பிஸ்கட் டப்பாவுல.

— அதுதான். மெடலோட நாடாவும் பழுப்பு நெறம், ஓரத்துல வெள்ளை. பழைய நாடா எதையோ எடுக்கிறோம்னு நெனச்சு எடுத்தே. விடியக்காலம், வெளிச்சம் இல்லே, உனக்குக் கண்ணும் சரியாத் தெரியலே. கட்டிட்டே. முடிஞ்சுது.

— எனக்கு ஊசியில நூல் கோக்க இன்னும் கண்ணாடி வேண்டாம் அண்ணே.

— இன்னைக்கு மட்டும் வேணும்னு வெச்சுக்கோயேன்!

— சொல்லு ஹூபெர்ட், நீயே சொல்லு. நான் சொன்னா இவ காதுல ஏறாது.

— மட்டெஸ், நீ கொஞ்சம் சும்மா இரு. ட்ரீன், நான் விளையாடலே. அவர் அதைக் கேலின்னு எடுத்துக்கிட்டார். அரசாங்கத்தைக் கேலி பண்ணினதுன்னு. கீழ் ஊர்ல தையக்காரன் ஒருத்தன் கல்யாண வீட்டுல ஏதோ பாட்டை மாத்திப் பாடினான். இப்போ அவன் பொண்டாட்டி வாரா வாரம் ஜெயில் வாசல்ல துணி மூட்டையோட நிக்கிறா. உள்ளே விடமாட்டேங்கிறான். உன்னை நான் அப்படி வெளியில நின்னு பார்க்கணுமா?

— நான் கேலி பண்ணலே.

— எனக்குத் தெரியும்.

— உனக்குத் தெரியாது அண்ணே. நான் வேணும்னே, விடியக்காலம் விளக்கு ஏத்தி வெச்சுக்கிட்டு, நல்லாப் பார்த்து, தைச்சுக் கட்டினேன். அதைத் தப்புன்னு சொல்லச் சொன்னா வாய் வரமாட்டேங்குது.

— சத்தமாப் பேசாதேடி, பக்கத்து வீட்டுல காது இருக்கு.

— இருக்கட்டும்.

— எதுக்கெடுத்தாலும் இருக்கட்டும்! உங்கம்மா இவளைப் பெத்தாளா, இல்லே ஆத்தங்கரைப் பாறையிலேருந்து வெட்டி எடுத்தாளா, ஹூபெர்ட்?

— சின்ன வயசுலேயே இப்படித்தான் மச்சான். முழுங்கமாட்டேன்னு முடிவு பண்ணிட்டா மருந்தைக் கன்னத்துலேயே அடக்கி வெச்சுக்கிட்டு அரை நாள் நிப்பா. ட்ரீன், இங்கே பாரு. லம்பெர்ட் எனக்கு யாரு? நான் அவனுக்குத் தாய்மாமன். ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில அவனைத் தாங்கினது இந்தக் கை.

— அந்தச் சுவர் வேலையில சேர்த்துவிட்டதும் அதே கைதான்.

— ட்ரீன்! என்ன பேச்சு இது?

— இல்லே மச்சான், சொல்லட்டும். ஆமா, நான்தான் சேர்த்துவிட்டேன். நம்ம கல்லுக்காட்டுல வருஷம் பூரா உழுதாலும் கிடைக்காத கூலி. குதிரைக்குத் தனிக் கூலி. ஊர்ல பாதிப் பேரு என் கடை வாசல்ல வந்து நின்னாங்க, என் பையனையும் சேர்த்துவிடுன்னு. இவனுக்கு நல்லது பண்றதா நெனச்சேன்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன் அண்ணே. வேண்டாம்னு ஒரு வார்த்தை நானும் சொல்லலே. சனிக்கிழமையானா வீட்டுக்கு வந்துடறானே, அது போதும்னு இருந்துட்டேன்.

— வருவான்! எப்படி வருவான்? வண்டியில ஏறிப் படுத்தா இந்த வாசல்லதான் முழிப்பான். கடிவாளத்தைப் பிடிக்கிற வழக்கமே கிடையாது.

— என் கடை வாசல் வழியாத்தானே போகணும், மச்சான்? லம்பி, ஒரு பீர் குடிச்சுட்டுப் போடான்னு கூப்பிடுவேன். குறட்டைதான் பதிலா வரும். கடிவாளம் தரையில இழுபடும். ப்ளெஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரன் மாதிரி நேரா வீட்டைப் பார்த்து நடக்கும். ஊரே சிரிக்கும்.

— ஒருதடவை மழையில நனைஞ்சுக்கிட்டே தூங்கினான். நான் தலையில தட்டி எழுப்பினா, அதுக்குள்ள வேலை முகாம் வந்துடுச்சான்னு கேக்கறான்! எந்தப் பக்கம் போறோம்னே தெரியாம தூங்கியிருக்கான், கழுதை.

— பாருங்க, ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. இவ்வளவு மாசத்துல அவனைப் பத்திப் பேசி இப்பத்தான் சிரிக்கிறீங்க.

— சிரிச்சது போதும். மீன் முடிஞ்சுடும். ட்ரீன், இன்னொண்ணு இருக்கு. சொல்ல வேண்டாம்னுதான் பார்த்தேன். அவர் உன்னைப் பத்தி மட்டும் கேக்கலே. இதைப் பத்தியும் கேட்டார்.

— எதைப் பத்தி?

— ப்ளெஸ்ஸைப் பத்தி. நல்ல உடம்பா இருக்கே, பட்டாளத்துக்கு ஏன் இன்னும் போகலேன்னு கேட்டார். குதிரைப் பரிசோதனைக்கு ஆளு வர்றப்போவெல்லாம், அது கிழடு, நெஞ்சுல சளின்னு சொல்லிச் சொல்லித் தள்ளிவிட்டது நான்தான். இன்னைக்கு அவர் கோபத்தோட கார் ஏறினார்னா, நாளைக்குக் காலையிலயே கயித்தோட ஆளு வரும். பீரங்கி வண்டியில பூட்டிடுவான்.

— குதிரையையா கேட்டான், ஹூபெர்ட்?

— குதிரையைத்தான்.

— அது என்ன பண்ணுச்சு அவனை?

— தலையை ஆட்டிச்சு.

— ட்ரீன், சீப்பை ஏன் கீழ வெச்சுட்டே? ட்ரீன்?

— சரி. வர்றேன்.

— என்னது?

— வர்றேன்னேன். நாடான்னு நெனச்சேன், கண்ணு தெரியலே, தப்பாப் போச்சு. இவ்வளவுதானே? சொல்லிடறேன். எனக்காகச் சொல்லமாட்டேன். இதுக்காகச் சொல்றேன்.

— அப்பாடா! மச்சான், இவளைக் கட்டின உனக்கு மோட்சம் நிச்சயம். கிளம்பு ட்ரீன், தலையில முக்காட்டைப் போடு. வழியில ஒண்ணு ரெண்டு விஷயம் சொல்லிடறேன், சரியா? முகாமைப் பத்தி எதுவும் ஆரம்பிக்காதே. மண்ணு சரிஞ்சு பையன் உள்ளே போனப்புறமும் வேலையை நிறுத்தலேன்னு நீ ஃபாதர்கிட்டே சொன்னியே, அது எப்படியோ மாவட்டத் தலைவர் காதுக்கு எட்டியிருக்கு.

— நிறுத்தலேதானே?

— நிறுத்த முடியாதும்மா! உனக்கு அந்த வேலை தெரியாது. ஒரு பங்கருக்குக் கான்கிரீட் ஊத்த ஆரம்பிச்சா, ராத்திரியானாலும் மழையானாலும், முழுசா ஊத்தி முடிக்கிற வரைக்கும் விடக்கூடாது. நடுவுல விட்டா பழசும் புதுசும் ஒட்டாது. சுவர்ல பிளவு விழுந்துடும், முதல் குண்டுக்கே வாயைப் பொளந்துடும். அதனால ஒரு ஆளை நகரவிடமாட்டான். தண்ணி குடிக்கக்கூட வாளிதான் ஆளைத் தேடி வரும். மேஸ்திரியே சிகரெட்டை அங்கே நின்னுக்கிட்டேதான் பத்தவெச்சுக்கணும்.

— அது வாஸ்தவம் ட்ரீன். பட்டாளத்துலயும் அப்படித்தான் சொன்னாங்க.

— சரி, அது போகட்டும். அவர் மனசை இளக்க ஒரு வழி இருக்கு. லம்பெர்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாங்களே, ரெண்டு தோழர்கள், அதை எடுத்துச் சொல்லு. முகாம்ல இருந்து எனக்குப் போன் பண்ணிச் சொன்னதைத்தான் நான் கல்லறையில பேசினேன். செத்த தோழனைத் தனியா விடாம, ராத்திரியெல்லாம் மழையில வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் நடந்தே வந்து தாய் மடியில சேர்த்தாங்கன்னு. மாவட்டத் தலைவருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ரெண்டு ஊர்ல மேடையில சொல்லியிருக்கார். அவங்க பேரைக் கேப்பார். என்ன பேரு அவங்களுக்கு?

— நல்ல மனுஷங்க. அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்குக் கொடுத்துவைக்கலே. நான் அப்போ ட்ரீயர் பட்டணத்துல பட்டாளத்துக் குதிரைங்களுக்கு லாடம் அடிச்சுக்கிட்டிருந்தேன். அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஆனா அதை நெனச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன் ஹூபெர்ட். நான் இல்லேன்னாலும் என் பிள்ளை தனியா வரலேன்னு. அவங்களுக்கு சூப்பாவது கொடுத்தியா ட்ரீன்? எந்த ஊரு அவங்க?

— அண்ணே.

— சொல்லும்மா. பேரு தெரியலேன்னா ஊரு சொல்லு, போதும்.

— ஊத்த ஆரம்பிச்சா ஒரு ஆளை நகரவிடமாட்டான்னு இப்பத்தானே சொன்னே?

— ஆமா.

— அன்னைக்கும் ஊத்திக்கிட்டுத்தானே இருந்தாங்க?

— விடியிற வரைக்கும்.

— அப்போ அந்த ரெண்டு பேரு எப்படி வந்தாங்க?

— அது... ஒருவேளை...

— யாரும் வரலே அண்ணே.

— என்ன சொல்றே நீ?

— சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். ஏங்க, இப்படி உட்காருங்க. அந்த வைக்கோல் மேல உட்காருங்க. ராத்திரி சாப்பாட்டு நேரம். வண்டிச் சத்தம் கேட்டுச்சு. சனிக்கிழமைகூட இல்லே, இவன் ஏன் இன்னைக்கு வர்றான்னு விளக்கை எடுத்துக்கிட்டு வந்தேன். நல்ல மழை. ப்ளெஸ் வாசல்ல வந்து நிக்குது. கடிவாளம் தரையில கிடக்குது. இவன் வழக்கம்போல வண்டியில படுத்திருக்கான், மேல சிமெண்ட் சாக்கு. குளிருக்குப் போர்த்திக்கிட்டான்னு நெனச்சேன். அலுத்துப்போய் வந்திருக்கான், கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டேன்.

— மாதாவே.

— குதிரையை அவுத்துக்கிட்டே அவன்கிட்டே பேசிக்கிட்டிருந்தேன். டேய், பசு கன்னு போட்டிருக்குடா, கிடாரி. அப்பா கிறிஸ்துமஸுக்கு வந்துடுவாராம்டா. பட்டாணி சூப் இருக்கு, மாமா பன்றிக்கால் கொடுத்தனுப்பினாரு, அதையும் போட்டிருக்கேன். எழுந்திருடா, ஆறிடும். இப்படியே ஏதேதோ பேசினேன். ரொம்ப நாளா அவன்கூட அவ்வளவு பேசினதே இல்லே.

— ட்ரீன்... போதும் ட்ரீன்.

— ப்ளெஸ்தான் நகரமாட்டேங்குது. ஓட்ஸ் வாசனை மூக்குல பட்டா முதல்ல லாயத்துக்கு ஓடற குதிரை, அவுத்துவிட்டும் வண்டியை விட்டு ஒரு அடி நகரலே. அவனைப் பார்க்குது, என்னைப் பார்க்குது. உனக்கு என்ன வந்துச்சுன்னு அதட்டினேன். அப்பவும் நகரலே. அப்பத்தான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.

— நான் காலையில வந்தப்போ... அவனைக் குளிப்பாட்டிக் கட்டில்ல கிடத்தியிருந்தே. மெழுகுவத்தி ஏத்தியிருந்தே. யாரு தூக்கினது?

— நான்தான் அண்ணே. சின்னதுல காய்ச்சல் வந்தப்போ தூக்கினது, அப்புறம் அன்னைக்குத்தான். யாரோ ஒரு புண்ணியவான் வண்டியில கிடத்தி, சாக்கைப் போர்த்தி, இது முகத்தை வீட்டுப் பக்கமாத் திருப்பிவிட்டிருக்கான். அவனால அவ்வளவுதான் முடிஞ்சிருக்கு. அவன்மேல எனக்கு வருத்தமில்லே. ஆனா அந்த மலைப்பாதை முழுக்க என் பிள்ளைகூட வந்தது யாருன்னு எனக்குத் தெரியும். மெடல் வந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இது யாருக்குன்னு.

— இத்தனை மாசமா என்கிட்டேகூட ஏன் சொல்லலே ட்ரீன்?

— கல்லறையில அண்ணன் பேசறப்போ நீங்க தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருந்தீங்க. தோழர்கள் கூட வந்தாங்கன்னு சொன்ன உடனே அழுகையை நிறுத்தித் தலையை நிமிர்த்தினீங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் உங்களுக்கு ஆறுதல் கிடைச்சுது. அதைப் போய் நான் எப்படிப் பிடுங்குவேன்?

— மச்சான், இப்படித் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா எப்படி?

— மீன் முடிஞ்சிருக்கும், ஹூபெர்ட்.

— முடியட்டும். ட்ரீன், முக்காட்டை எடு. நீ வரவேண்டாம்.

— நீதானே அண்ணே கூப்பிட்டே?

— கூப்பிட்டேன். இப்போ வேண்டாங்கிறேன். அந்தப் பொய்யைக் கல்லறையில நின்னு, தொப்பியைக் கழட்டிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியோட பேசினவன் நான். இன்னும் ஒரு பொய் சொன்னா குறைஞ்சு போகமாட்டேன். காலையிலேயே ஊத்திக்கிட்டேன், போதையில வந்து நான்தான் அதைக் குதிரைக்குக் கட்டினேன், தங்கச்சிக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன். கடைக்காரன் குடிச்சான்னா யாரும் நம்பாம இருப்பாங்களா?

— உன் பதவி?

— போகட்டும். அதுல உட்கார்ந்து நான் வேற யாரைத்தான் காப்பாத்தினேன்? மச்சான், பரிசோதனைக்கு ஆளு வந்தா என்னால இனிமே தடுக்க முடியாது, சரியா? லாடம் அடிக்கிறவன் நீ. ஒரு குதிரையை ஒரு வாரத்துக்கு நொண்ட வைக்க உனக்குத் தெரியாதா?

— தெரியும். வலிக்காமலே வைக்கத் தெரியும்.

— அது போதும். நான் வர்றேன். ட்ரீன், அந்தச் சூப்புல போட்ட பன்றிக்கால்... அவன் அதைத் தொடவே இல்லியா?

— தொடலே அண்ணே. போ, பார்த்துப் போ. வாளி இருக்கு.

— பார்த்துட்டேன். கதவைச் சாத்திக்கோ.

— ஏங்க, அண்ணன் போயிட்டாரு. எழுந்திருங்க. முகத்தைத் துடைங்க.

— கன்னு போட்டதைச் சொன்னேங்கிறியே. கிடாரின்னும் சொன்னியா?

— சொன்னேன்.

— அவன் கிடாரிதான் வேணும்னான். சரி, தள்ளு. அந்தக் கத்திரியைக் கொடு.

— கழட்டப் போறீங்களா?

— நெத்தியில வேண்டாம்டி, தலையை ஆட்டினா கண்ணுல குத்தும். கழுத்துக் கயித்துல கட்டறேன், அந்தத் தழும்பு இல்லாத பக்கமா.